மார்பகப் படத்தில் வெண்புள்ளிகள்: தீங்கற்றவற்றைப் பிரித்தறிந்த வரலாறு

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பின் பல்லாண்டு முயன்று, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது, மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் முறை உலகெங்கும் முதிராத நிலையிலேயே இருந்தது. அப்படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரியும் கால்சியப் படிவுகளுள் எவை தீங்கற்றவை என்று துணிந்து சொல்லும் திறமோ அதனினும் இளையது.

பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன் 1913இல், அறுத்தெடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களைப் படமெடுத்து ஆராய்ந்தபோது இப்புள்ளிகளைக் கண்டும் அவற்றின் பொருளை உணரவில்லை. உருகுவே நாட்டின் ரவுல் லெபோர்ன், மார்பகத்தை அழுத்திப் படமெடுத்துத் தெளிவைக் கூட்டி, புற்றின் நுண்படிவுகளைத் தீங்கற்ற மாற்றங்களின் பருத்த படிவுகளிலிருந்து 1951 அளவில் பிரித்துக் காட்டினார். 1960இல் அமெரிக்கரான ராபர்ட் ஈகன் வகுத்த படமெடுப்பு முறையும், அப்பத்தாண்டின் நடுவில் பிரான்சில் சார்லஸ் குரோ உருவாக்கிய தனிக் கருவியும் வந்த பின்னரே, புள்ளியின் உருவத்தை நம்பிப் படிக்க முடிந்தது.

உருவமே இங்குச் சான்று. நார்த்திசுக் கட்டி முதுமையில் சுருங்கும்போது சோளப்பொரி போன்ற பருத்த படிவு தோன்றும். தமனிச் சுவரில் படிந்தால் இருப்புப்பாதை போல இணைகோடுகள் ஓடும். தோலில் உண்டானவை நடுவே வெளிறிய சிறு வளையங்களாகவும், அடிபட்ட அல்லது அறுவைக்குள்ளான கொழுப்பில் உண்டானவை முட்டையோடு போன்ற மெல்லிய விளிம்பாகவும் தெரியும். நுண்ணிய நீர்க்கட்டிகளுக்குள் அடியில் தங்கும் கால்சிய வண்டல், மேலிருந்து எடுத்த படத்தில் மங்கிய கறையாகவும், பக்கவாட்டுப் படத்தில் பிறையாகவும் தோன்றுவதால், ஒரே படத்தை வைத்து முடிவு கட்டுவது பிழையாகும். வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்போ, கால்சிய மாத்திரையோ இவற்றுக்குக் காரணமன்று.

அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993இல் வெளியிட்ட பை-ராட்ஸ் என்னும் அறிக்கை முறை, ஐயமற்ற இத்தகைய படிவுகளை இரண்டாம் வகையில் சேர்த்து, அவற்றுக்குத் திசுப் பரிசோதனை வேண்டியதில்லை என்று வரையறுத்தது. புற்றைக் காட்டிக்கொடுத்த முன்னேற்றத்துக்குச் சற்றும் குறையாத முன்னேற்றம் இது. வீண் அச்சத்தையும் வீண் ஊசியையும் பல பெண்களுக்கு இது தவிர்த்திருக்கிறது. மாறாதிருப்பதும் தீங்கின்மைக்கு ஒரு சான்றாதலால், பழைய படங்களைத் தூக்கி எறியாமல் அடுத்த பரிசோதனைக்கு எடுத்துச் செல்வது நன்று.