உது எது?

யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்த முதல் கிழமை. கடையில் பாண் வாங்கிவிட்டுத் திரும்பினோம். "தம்பி, உதையும் எடுங்கோ" என்றார் கடைக்காரர். எதை? முழித்துக்கொண்டு நின்றோம். எங்கள் கைக்குப் பக்கத்தில், மேசையில் கிடந்த மிச்சக்காசைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஹட்டன் பக்கமிருந்து வந்த எங்களுக்கு 'இது' தெரியும், 'அது' தெரியும். 'உது' பரீட்சைக்குப் படித்ததோடு சரி. சுட்டெழுத்து அ, இ, உ என மூன்று என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சிலும் எங்கள் பேச்சிலும் மூன்றாவது எப்போதோ விழுந்துவிட்டது. இங்கே உவன், உவள், உங்கை என்று மீன் சந்தையிலேயே கேட்கலாம். கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது 'உது'. இவ்வளவு வசதியான சொல்லை நாங்கள் ஏன் விட்டோம் என்று பொறாமையாகவே இருந்தது.

அடுத்தது 'ரியூசன்'. பலகையில் இருந்தபடியே 'ர' போட்டு வாசித்தோம். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெற்றி, காற்று என்று வாசிக்கும்போது இங்குள்ளவர்களின் ற்ற, நாக்கு நுனி மேல்முரசில் பட்டு வரும். ஆங்கில 'டி'யும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் பிறக்கிறது. 'ட'வுக்கோ நாக்கு இன்னும் பின்னால் வளைய வேண்டும். அதனால்தான் இன்ரநெற், ரிக்கற் என்ற எழுத்தெல்லாம். எழுதுவது ர, சொல்வது வேறு.

சிரிப்பு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "நீங்கள் கதைக்கிறது தோட்டத்துத் தமிழ், எங்கடதான் சுத்தம்" என்று ஒருவர் சொன்னார். அப்போது அவர் சாய்ந்திருந்தது கதிரையில். அது போர்த்துக்கேயச் சொல். அலுமாரி, சப்பாத்து, அலவாங்கு, நாங்கள் வாங்கிய பாண், எல்லாம் அப்படித்தான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் விட்டுப்போனவை. 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் தந்தவை கந்தோரும் கக்கூசும். (கக்கூசைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.)

எங்கள் சொற்களும் வெறுமனே வந்தவையல்ல. 1820களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேச்சு அது. 'ஆமா', 'வாங்க' எல்லாம் அங்கிருந்து கூடவே வந்தவை. வரிசை வீடு 'லைன்' ஆகி, லயம் ஆனது. விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் 'பரேட்' பிரட்டு ஆனது. பிந்திப் போனால் அன்று பேர் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு தோட்டத்தின் ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

இரண்டாம் வருடம். நாங்கள் 'ஓம்' சொல்லப் பழகிவிட்டோம். வீட்டுக்குப் போன் எடுத்தால் அம்மா அதற்கே சிரிக்கிறார். அறையில் கூட இருக்கும் பருத்தித்துறைக்காரன் எட்டு மணி விரிவுரைக்கு எங்களை எழுப்புகிறான்: "எழும்புங்கோடா, பிரட்டுக்கு நேரமாச்சு."