எத்தனையாவது?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் ஒரு பாங்கு குமாஸ்தா. வயது 42. இரண்டு வருஷங்களுக்கு முன், ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி சுமாருக்குக் கழுத்தில் ஒரு பதக்கமும் காலில் சிறு நொண்டலுமாக வாசலுக்குள் நுழைந்தார். நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு விசாரித்தேன்.

“பந்தயமா? எத்தனையாவதாக வந்தீர்கள்?”

“அதைப் பார்க்கவில்லை, சார். அரை மாரத்தான். ஓடி முடித்த எல்லோருக்கும் இந்தப் பதக்கம் உண்டு. 2 மணி 3 நிமிஷம் ஆயிற்று. போன வருஷம் 2 மணி 9.”

“முதலில் வந்தது யார்?”

அவர் சற்று யோசித்தார். “அதுவும் தெரியாது, சார். யாரோ ரொம்ப முன்னாலேயே போய்விட்டார். அடுத்த வருஷம் 2 மணிக்குள் முடிக்க வேண்டும் என்று பார்க்கிறேன்” என்று சொல்லி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மெதுவாகப் படியேறினார்.

எனக்கு ஓட்டத்தில் பழக்கம் கிடையாது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடுவதில்லை; அடுத்த பஸ் வரும் என்ற நம்பிக்கை உடையவன். ஆனாலும் அந்த மனிதர் அன்று என் சிந்தையைக் கிளறிவிட்டார். பந்தயத்தில் கலந்துகொண்டவருக்கு ஜெயித்தவன் யார் என்று தெரியவில்லை; தமது இடம் எது என்ற கவலையும் இல்லை. ஆறு நிமிஷம் மிச்சம் பிடித்ததில் மட்டும் ஒரு பெரிய திருப்தி. இப்படி ஒரு பிறவி உலகத்தில் எப்போது தோன்றிற்று என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுச் சில நூல்களைப் புரட்டினேன். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இத்தகையவர்களுக்கு ‘அமெச்சூர்’ என்று பெயர். தமிழர்களாகிய நமக்கு இந்தச் சொல் நாடக மேடையின் மூலமாகத்தான் அதிகப் பழக்கம். சென்னையில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய நண்பர்களும் சுகுண விலாஸ சபையைத் தொடங்கினார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அதில் வேஷம் கட்டினார்கள். கூலி வாங்கி நடித்தவனை ஊர் கூத்தாடி என்றது. கூலி வாங்காமல் நடித்தவரைக் கலாரசிகர் என்று கொண்டாடிற்று. சொல்லின் மூலமோ லத்தீன். ‘நேசிக்கிறவன்’ என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு அழகான அர்த்தம்! ஆனால் ஓட்டத்தின் சரித்திரத்தில் அந்த அழகான சொல் வெகுகாலம் பூட்டிய கதவாகத்தான் இருந்திருக்கிறது.

பழைய இங்கிலாந்தில் பிரபுக்களின் கோச்சு வண்டிகளுக்கு முன்னால் ஓடுவதற்கென்றே சேவகர்கள் இருந்தார்கள். எஜமானர்கள் அவர்களை ஒருவரோடொருவர் ஓடவிட்டுப் பணம் கட்டி வேடிக்கை பார்ப்பார்கள். கனவான்கள் தாமே பணத்துக்காக இறங்கியதும் உண்டு. ஸ்காட்லாந்து நிலச்சுவான்தாரான காப்டன் பார்க்ளே என்பவர் 1809-இல் நியூமார்க்கெட்டில் 1,000 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது மணிக்கு ஒரு மைல் வீதம் இரவும் பகலுமாக ஏறக்குறைய 42 நாள் நடந்து, 1,000 கினி பந்தயத்தை ஜெயித்தார். அவரை யாரும் கூலிக்காரர் என்று சொல்லவில்லை.

1866-இல் லண்டனில் அமெச்சூர் அத்லெடிக் கிளப் ஏற்பட்டது. பல்கலைக்கழகங்களில் படித்த கனவான்கள் சேர்ந்து வைத்த சங்கம். பந்தயப் பணம் வாங்கியவன் அமெச்சூர் அல்லன் என்றார்கள். அது ஒருவாறு நியாயம். அதோடு நில்லாமல், யந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலியாள் ஆகியோரும் அமெச்சூர் ஆக முடியாது என்ற விதியும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. ஓடி ஒரு காசு சம்பாதித்திராவிட்டாலும் சரி, கையால் உழைத்துச் சாப்பிடுகிறவன் என்பதே அவன் குற்றம். உடலுழைப்பால் உரம் ஏறியவனோடு மேஜை முன் உட்கார்ந்திருப்பவன் மோதுவது தர்மமாகாது என்று சமாதானம் வேறு சொன்னார்கள். உண்மையில், தோட்டக்காரன் முன்னே போக அதைப் பின்னாலிருந்து பார்க்கும் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1880-இல் ஆக்ஸ்போர்டில் கூடி அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷனை நிறுவியவர்கள் ஓட்டப்பந்தயத்தைப் பொறுத்தமட்டில் அந்த விதியைக் கைவிட்டார்கள். ஹென்லி படகுப் பந்தயத்தில் அது 1937 வரையில் நீடித்தது.

வேடிக்கை என்னவென்றால், நீண்ட ஓட்டத்தின் சரித்திரமே உழைப்பாளிகளின் சரித்திரமாக அமைந்துவிட்டதுதான். 1896-இல் ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை ஜெயித்த ஸ்பிரிடோன் லூயிஸ், மரூஸி கிராமத்தில் தண்ணீர் சுமந்து விற்றவர். அன்று தூரம் சுமார் 40 கிலோமீட்டர். அவருக்கு ஆன நேரம் 2 மணி 58 நிமிஷம் 50 விநாடி. 1908-இல் லண்டனில் நடந்த மாரத்தான் விண்ட்ஸர் அரண்மனையில் புறப்பட்டு, ஸ்டேடியத்தில் அரச குடும்பத்தார் வீற்றிருந்த இடத்துக்கு எதிரே முடிந்தது. அதனால் தூரம் 26 மைல் 385 கெஜம் என்று ஆயிற்று. இத்தாலியில் மிட்டாய்க் கடையில் வேலை பார்த்த டொராண்டோ பியெட்ரி முதலாவதாக ஸ்டேடியத்துக்குள் வந்தார், திசை தப்பினார், விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். அதிகாரிகள் கைகொடுத்து எல்லைக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். கைகொடுத்த குற்றத்துக்காக அவரை நீக்கிவிட்டு, அடுத்து வந்த அமெரிக்கரான ஜானி ஹேய்ஸுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். மனம் பொறாத அலெக்ஸாண்ட்ரா ராணி பியெட்ரிக்குத் தம் கையால் ஒரு கோப்பை வழங்கினார்.

அந்த 1908 தூரமே 1921-இல் நிரந்தர அளவாயிற்று: 42.195 கிலோமீட்டர். அதில் சரிபாதி 21.0975 கிலோமீட்டர். ஆகவே என் மாடி வீட்டுக்காரர் அன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய கடைசி 97.5 மீட்டர், ஆங்கில அரச குடும்பத்தாரின் உபயம். அவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

கடிகாரத்தோடு போட்டி போடும் வழக்கத்துக்கு ஒரு குலதெய்வம் உண்டென்றால், அது பின்லாந்தின் பாவோ நூர்மிதான். தகப்பனார் இறந்தபோது அவருக்கு வயது 12. படிப்பை விட்டுவிட்டு ரொட்டிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கைவண்டி தள்ளினார். 1920 முதல் 1928 வரை மூன்று ஒலிம்பிக்குகளில் 9 தங்கப் பதக்கங்கள் பெற்றார். ஓடும்போது கையில் ஒரு கடிகாரத்தைப் பிடித்திருப்பார். பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்ப்பதில்லை. சுற்றுக்குச் சுற்று உள்ளங்கையைப் பார்ப்பார். தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நேரத்தைக் காப்பாற்றினால் மற்றவர்கள் தாமாகவே பின்தங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. இப்பேர்ப்பட்டவர் 1932-இல் மாரத்தான் ஓட லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்த பிறகு, பயணச் செலவென்று அளவுக்கு மிஞ்சிப் பணம் வாங்கினார், ஆகவே அமெச்சூர் அல்லர் என்று தடுத்துவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து, 1952-இல், ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் அவர் கையில் தீபத்தைக் கொடுத்து ஓடச் சொன்னார்கள். ரொட்டிக் கடைப் பையனுக்குச் செய்த அநியாயத்தைத் தேசம் மறக்கவில்லை.

நூர்மி மகாவீரர். என் மாடி வீட்டுக்காரரோ சாதாரண மனிதர். ஒருவர் கண்ட வித்தை மற்றவர் வீடு வந்து சேர வேண்டுமானால் நடுவில் யாரோ ஒருவர் தூது போயிருக்க வேண்டுமல்லவா? நியூஜிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் அந்தத் தூதர்.

ஆக்லாந்து நகரத்தில் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார் லிடியார்ட். தம் உடம்பு கட்டுமஸ்தாக இருக்கிறதென்று எண்ணியிருந்தவரை, ஒரு நண்பர் ஐந்து மைல் ஓட அழைத்துப் போனார். திரும்பி வருவதற்குள் மூச்சு போய்விடும் போலாகிவிட்டது. இப்போதே இப்படியென்றால் வயதான பிறகு என்ன கதி என்ற பயம் பிடித்துக்கொண்டது. அவருக்கு வாத்தியார் யாரும் இல்லை. சோதனைச் சாலை அவர் உடம்புதான். கூட்டியும் குறைத்தும், வேகமாகவும் மெதுவாகவும், வருஷக்கணக்கில் ஓடிப் பார்த்தார். வரும்படி போதாமல் இராக்காலத்தில் பால் விநியோகமும் செய்தார். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் வாரத்துக்கு 100 மைல் வரை ஓடி முதலில் அஸ்திவாரம் போட வேண்டும், அதற்கப்புறம் மேடு, அதற்கும் அப்புறம்தான் வேகம் என்பது அவர் கண்ட முடிவு. 1953-இலும் 1955-இலும் தேசத்தின் மாரத்தான் வீரராக வந்தார்.

அவரைச் சுற்றிச் சில இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஞாயிறு தோறும் மலைப்பாதையில் 22 மைல் ஓட்டம். 1960 செப்டம்பர் 2 அன்று ரோமாபுரியில், சுமார் ஒரு மணி நேரத்துக்குள், அவர்களில் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், இடக்கை சூம்பிய மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். சில நாள் கழித்து பாரி மகீ மாரத்தானில் மூன்றாவதாக வந்தார்.

இத்தோடு நின்றிருந்தால் லிடியார்டும் ஒரு பயிற்சியாளர், அவ்வளவுதான். அவர் அடுத்து செய்த காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 1962-இல் ஆக்லாந்தில், ஓட்டத்துக்கே லாயக்கில்லாத ஆசாமிகளைச் சேர்த்து ஒரு சங்கம் உண்டாக்க உதவினார். தொந்தி விழுந்தவர்களும் மாரடைப்பு கண்டவர்களும் அதில் இருந்தார்கள். இருதய நோயாளியைப் படுக்கையை விட்டு அசையாதே என்று வைத்தியர்கள் கட்டளையிட்ட காலம் அது! அமெரிக்காவிலிருந்து வந்த பில் போவர்மன் என்ற பிரபல பயிற்சியாளர், 51 வயதுக்காரர், அவர்களோடு ஒரு நாள் ஓடிப் பார்த்தார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு கிழவர், பின்தங்கிவிட்ட இவருக்குத் துணையாகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தாராம். வெட்கத்தோடு ஊர் திரும்பிய போவர்மன், ஆரிகான் ராஜ்யத்தில் அண்டை அயலாரை ஓடச் செய்தார். 1967-இல் ஓர் இருதய வைத்தியருடன் சேர்ந்து புத்தகமும் எழுதினார். தேசம் முழுதும் ஓடத் தொடங்கிற்று.

அதே ஆக்லாந்திலிருந்து இன்னொரு விதை இங்கிலாந்துக்குப் போயிற்று. பிரெண்டன் பாஸ்டர் என்ற ஒலிம்பிக் வீரர் அங்கே ஆயிரக்கணக்கான சாமானியர்கள் கடலோரமாக ஓடுவதைக் கண்டார். தம்முடைய வட இங்கிலாந்தில், நிலக்கரிக்கும் கப்பல் கட்டுவதற்கும் பெயர் போன டைன் நதிக்கரையில், 1981 ஜூன் மாதம் ஓர் அரை மாரத்தானை ஏற்பாடு செய்தார். நியூகாஸிலிலிருந்து கடற்கரை வரை. 12,000 பேர் ஓடினார்கள். எந்தக் கைத்தொழிலாளியை ஒரு காலத்தில் கதவுக்கு வெளியே நிறுத்தினார்களோ, அவனுடைய பேரன்மார் அன்று பாலத்தை அடைத்துக்கொண்டு போனார்கள். 2014-இல் அந்தப் பந்தயத்தை ஓடி முடித்தவர்களின் தொகை பத்து லட்சத்தைத் தொட்டது.

பெண்களுக்குக் கதவு இன்னும் தாமதமாகத் திறந்தது. 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் ஸ்விட்ஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து அவருடைய 261 என்ற எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் கிடைத்தது 1984-இல்தான்.

கடைசியாக ஒரு சிறு யந்திரம். முன்பெல்லாம் துப்பாக்கி வெடித்ததும் எல்லோருக்கும் ஒரே கடிகாரம். கூட்டத்தின் வாலில் நிற்பவன் புறப்படும் கோட்டை எட்டுவதற்குள்ளேயே பல நிமிஷம் ஓடிவிடும்; அதுவும் அவன் கணக்கில்தான் ஏறும். 1990-களில் செருப்புக் கயிற்றில் கட்டும் சிறு சில்லு ஒன்று வந்தது. கோட்டை மிதித்த கணத்தில் அவனவன் கடிகாரம் ஆரம்பமாகிறது. முதல்வனுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. பத்தாயிரமாவது ஆசாமிக்குத்தான் சொந்தமாக ஒரு நேரம் கிடைத்தது. சரித்திரத்தில் கடைசி வரிசைக்காரனுக்கென்று செய்த கருவிகள் அதிகம் இல்லை.

மாடி வீட்டுக்காரரின் அறையில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ‘5.41’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 41 விநாடி வீதம் ஓடினால் 2 மணிக்குள் முடியுமாம். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். ஒரு நாள் வேகமாக ஓடி, நின்று, மறுபடியும் ஓடுவது. மற்ற நாட்களில் மெதுவாக. எல்லாம் வெயில் ஏறுவதற்குள், விடியற்காலம் நாலரை மணிக்கு. முழு மாரத்தானில் 30 கிலோமீட்டர் சுமாருக்கு உடம்பில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து கால்கள் கல்லாகிவிடும் என்கிறார். பாதித் தூரம் அந்தக் கண்டத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை பாங்குக்கும் போகலாம். இதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. பாராட்டுவதும் இல்லை, அவர் மனைவி உள்பட.

எழுத்தாளர்களாகிய எங்களிடம் ‘எத்தனையாவது?’ என்று யாரும் கேட்பதில்லை. நாங்களேதான் ராத்திரி விழித்திருந்து கேட்டுக்கொள்கிறோம். அதனால்தானோ என்னவோ, அந்தச் சீட்டைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாக இருக்கிறது.

அடுத்த ஜனவரியில் அவர் பதக்கத்தோடு வந்தபோது நான் வாசலிலேயே காத்திருந்தேன்.

“எவ்வளவு?” என்றேன்.

“2 மணி 48 விநாடி, சார்.”

ஆறுதல் சொல்வதா, சந்தோஷப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. அவர் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். “பதினெட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் குடிக்க நின்றேன். அப்படியே ஓடிக்கொண்டு குடித்திருக்கலாம்” என்று தமக்குள் பேசுவதுபோலச் சொன்னார்.

மறுநாள் ஓய்வு. செவ்வாய்க்கிழமை விடியற்காலம் நாலரைக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.