ஹலிபக்ஸ் துறைமுகம்: எதிரிக்குப் பூட்டிய கதவு



டிசம்பர் 6 என்றதும் நம்மவர்களுக்கு பாபரி மஸ்ஜித்தான் ஞாபகம் வரும். இன்று நாம் எழுதுவது அதற்கும் 75 வருடங்களுக்கு முந்திய இன்னொரு டிசம்பர் 6 பற்றி.

முதலாம் உலகப் போரைப் படிப்பிக்கும்போது நாம் சரயேவோவில் தொடங்கி வெர்சாய் உடன்படிக்கையில் முடித்துவிடுகிறோம். போர்க்களத்திலிருந்து கடல் கடந்து கிடந்த கனடாவின் ஹலிபக்ஸ் நகரத்தின் ஒரு பகுதி ஒரே காலையில் தரைமட்டமான கதை பாடத்தில் வருவதில்லை.

1917இல் அந்தத் துறைமுகம் நிரம்பி வழிந்தது. ஜேர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து, வர்த்தகக் கப்பல்கள் அங்கு கூடி, போர்க்கப்பல்களின் காவலோடு அணியாகவே ஐரோப்பாவுக்குப் புறப்பட்டன. கட்டுப்பாடுகள் இறுக்கமானவை. உள்ளே வரும் எந்தக் கப்பலும் துறைமுக வாயிலில் நங்கூரமிட்டு, கடற்படை அதிகாரி ஏறிப் பரிசோதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வாயிலில் நீர்மூழ்கி தடுப்பு வலைகள் இருந்தன. பொழுதுபட்டால் அவற்றை மூடிவிடுவார்கள். அதன்பின் வருவதும் இல்லை, போவதும் இல்லை. நடுநிலை நாட்டுக் கப்பல் என்றால் மாலுமிகள் கரையில் கால் வைக்கவும் அனுமதி கிடையாது.

டிசம்பர் 5ஆம் திகதி மாலை இந்த வலை இரண்டு கப்பல்களை மறித்தது. ஒன்று நோர்வேக் கப்பல் இமோ. பெல்ஜிய மக்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்ற நியூயோர்க் போக வேண்டியது. நிலக்கரி பிந்தி வந்ததால் துறைமுகத்தின் உட்பக்கக் குடாவில் அகப்பட்டது. மற்றது பிரெஞ்சுக் கப்பல் மொன் பிளான். அது பிந்தி வந்ததால் வெளியே தங்கியது. அதன் வயிற்றில் 2,300 தொன் அளவில் பிக்ரிக் அமிலம், 200 தொன் டிஎன்டி. மேல்தட்டில் பென்சோல் பீப்பாய்கள்.

போருக்கு முன்னர் இப்படியான சரக்கோடு கப்பல் உள் துறைமுகத்துக்குள் வர முடியாது. வெளியே நின்றால் நீர்மூழ்கி அடிக்கும் என்பதால் போர்க்காலத்தில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். ஆபத்தைக் காட்டும் சிவப்புக் கொடியும் கப்பலில் இல்லை. எதிரியின் உளவாளிக்கு நாமே அடையாளம் காட்டுவதா என்பது அன்றைய நியாயம். அந்த நியாயத்தை நாம் முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அதே கொடியைப் பார்த்து ஒதுங்கியிருக்கக்கூடிய பக்கத்துக் கப்பலுக்கும் கரையில் குடியிருந்த சனத்துக்கும் எதுவும் தெரியாமல் போனது.

நமக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. துறைமுகத்துக்குள் கப்பல்கள் நடமாடுவதற்கும் விதி இருந்தது. வேகம் 5 நொட்டுக்கு மேற்படக் கூடாது, தத்தமது வலப்பக்கமாகவே செல்ல வேண்டும். எந்தக் கப்பல் எப்போது வெளியேறுகிறது என்று பைலட்டுகள், அதாவது கப்பலை உள்ளே வெளியே கொண்டுபோகும் வழிகாட்டிகள், பரிசோதனை அதிகாரியின் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தல் காலப்போக்கில் நின்றுபோயிருந்தது. தலைமைப் பரிசோதனை அதிகாரி வயட் மேலிடத்துக்குக் கடிதம் எழுதி முறையிட்டும் இருந்தார். பலன் இல்லை. (அலுவலகக் கடிதங்களுக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா!) அதனால் மறுநாள் காலை இமோ புறப்பட்டது அவருக்குத் தெரியாது. மொன் பிளான் என்ன சுமந்து வருகிறது என்று கடற்படைக்குத் தெரியும். ஆனாலும் அது உள்ளே வரும் நேரத்தில் மற்றக் கப்பல்களை நிறுத்தி வைக்க யாரும் கட்டளையிடவில்லை.

டிசம்பர் 6 காலை, துறைமுகம் ஒடுங்கும் இடத்தில் இரண்டும் எதிர்கொண்டன. இமோ பிந்திய நேரத்தை ஈடுசெய்ய வேகமாக வந்தது. வழியில் வேறு கப்பல்களுக்கு விலகி, தனக்குரிய பக்கத்தை விட்டு இடப்பக்கம் வந்துவிட்டது. ஊதல்கள் மாறி மாறி ஒலித்தும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ 8.45க்கு மோதல். பீப்பாய்கள் உடைந்து பென்சோல் தீப்பிடித்தது. மொன் பிளான் மாலுமிகள் படகில் தப்பி, கரையேறி, பிரெஞ்சில் கத்தினார்கள். கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. எரியும் கப்பல் ரிச்மண்ட் பகுதியின் இறங்குதுறைக்கு மிதந்து வந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் போக வெளிக்கிட்டவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். 9.04க்கு வெடித்தது.

அடையாளம் காணப்பட்ட மரணங்கள் மட்டும் 1,782. காயப்பட்டவர்கள் ஏறத்தாழ 9,000. ஜன்னல் கண்ணாடி தெறித்துக் கண் இழந்தவர்கள் ஏராளம். வாயிலில் அவ்வளவு காவல் போட்டு எதிர்பார்த்த ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றுகூட இதில் சம்பந்தப்படவில்லை.

வயட், மொன் பிளான் கப்டன், அதன் பைலட் ஆகிய மூவர் மீதும் வழக்குப் போட்டார்கள். கடைசியில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. 1920இல் லண்டன் பிரிவி கவுன்சில் இரு கப்பல்களுக்கும் சமபங்கு தவறு என்று முடித்தது. அறிவித்தல் முறையைக் கைவிட்டுவிட்டு, முறையிட்டவருக்குப் பதிலும் சொல்லாத நிர்வாகத்தின் பங்கு அந்தக் கணக்கில் வரவில்லை. நாம் வாசித்த அளவில், பெரிய அநியாயம் அதுதான்.

27 வருடங்களுக்குள் இது நமக்குப் பக்கத்திலேயே திரும்ப நடந்தது. 1944 ஏப்ரலில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருளோடும், கராச்சியில் ஏற்றிய பஞ்சு மூட்டைகளோடும் பம்பாய் விக்டோரியா துறைக்குள் வந்தது. வெடிபொருளை வெளியே நிறுத்தித் தோணிகளில் இறக்க வேண்டும் என்ற பழைய விதி அங்கும் போருக்காகத் தளர்த்தப்பட்டிருந்தது. சிவப்புக் கொடி அங்கும் இல்லை. ஏப்ரல் 14 பிற்பகல் தீப்பிடித்தது. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுப்பதா என்று அதிகாரிகள் உறுதியான கட்டளை ஒன்றுக்கு வரவில்லை. இரண்டு மணித்தியாலம் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் அங்கேயே உயிரிழந்தார்கள். இந்தியாவில் ஏப்ரல் 14ஐ தீயணைப்புச் சேவை தினமாக நினைவுகூர்வது அவர்களுக்காகத்தான்.