கொடுத்துப் பெற்ற வெற்றி: 1924ஆம் ஆண்டுச் சதுரங்க ஆட்டம் ஒன்று

வரலாற்றை ஆராய்வோர்க்கு ஒரு குறை எப்போதும் உண்டு. போரின் முடிவு தெரியும். போர்க்களத்தில் எந்த நொடியில் எவர் என்ன முடிவெடுத்தார் என்பது தெரியாது. சதுரங்க ஆட்டக் குறிப்பிலோ இக்குறை இல்லை. முதல் நகர்த்தல் முதல் இறுதி நகர்த்தல் வரை இருவர் எடுத்த முடிவுகள் அனைத்தும் வரிசை மாறாமல் நம் முன் நிற்கின்றன. அவ்வகை ஆவணங்களுள் ஒன்றை இங்குக் காண்போம்.

1924ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நியூயார்க் நகரின் அலமாக் விடுதியில் பதினொரு வல்லுநர்கள் மோதிய பெரும்போட்டி நடைபெற்றது. கியூபா நாட்டின் காபபிளாங்கா 1921இல் லாஸ்கரை வென்று உலக வாகையர் ஆனவர். 1916க்குப் பின் எந்த ஆட்டத்திலும் தோற்றறியாதவர். அவரை மார்ச் 22ஆம் நாள் ரேட்டி வீழ்த்தினார். எட்டாண்டுப் பெருமை ஒரே நாளில் உடைந்தது. மறுநாள் அவருக்கு எதிரே அமர்ந்தவர் டார்ட்டகோவர். 1950இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாகக் கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கிய இருபத்தெழுவருள் ஒருவராக அமைந்தவர் இவர்.

தொடக்கத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய காபபிளாங்கா, அரசியின் முன்னுள்ள காலாளை நகர்த்தினார். டார்ட்டகோவர் இரண்டாம் நகர்த்தலிலேயே டச்சுத் தற்காப்பைக் கையாண்டார். காய்கள் விரைவாகப் பரிமாறப்பட்டன. பதின்மூன்று நகர்த்தல்கள் முடிந்தபோது வெள்ளையிடம் ஒரு மந்திரியும் கறுப்பிடம் ஒரு குதிரையும் எஞ்சின. வெள்ளையின் காலாட்கள் இரண்டு ஒரே நெடுவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. இது வலுவின்மை என்பது சதுரங்கம் பயில்வோர் அறிந்ததே. பதினாறாம் நகர்த்தலில் கறுப்புக் குதிரை பலகையின் ஓரத்திற்குச் சென்றது அவ்வலுவின்மையைக் குறிவைத்தே ஆகும்.

இடையாட்டத்தில் காபபிளாங்கா அதனைக் காப்பதிலேயே பொழுதைக் கழிக்கவில்லை. பத்தொன்பதாம் நகர்த்தலில் நடுக்களத்தைத் திறந்தார். இருபத்தாறாம் நகர்த்தலுக்குள் அரசிகளும் ஓரிணை யானைகளும் களம் நீங்கின. எஞ்சிய வெள்ளை யானை ஓர நெடுவரிசையைத் திறந்துகொண்டு, முப்பதாம் நகர்த்தலில் ஏழாம் கிடைவரிசையில் ஏறி அமர்ந்தது. கறுப்பரசன் கடைசி வரிசையில் சிறைப்பட்டான். கறுப்பின் யானையோ வெள்ளையின் காலாளைக் கவரக் காத்திருந்தது.

முப்பத்து நான்காம் நகர்த்தலில் மந்திரியும் குதிரையும் பரிமாறப்பட்டன. இருபுறமும் ஐந்து காலாட்களும் ஒரு யானையும் நின்றன. இங்கேதான் இவ்வாட்டத்தின் உயிர்நிலை உள்ளது. காலாளைக் காக்கும் எண்ணமின்றி வெள்ளையரசன் முன்னோக்கி நடந்தான். கறுப்பு யானை ஒரு காலாளை முற்றுகையுடன் வெட்டியது. பின்னர் இன்னொன்றையும் அவ்வாறே வெட்டியது. இரண்டு காலாட்களை இழந்தபின்னும் அரசன் நிற்கவில்லை. முப்பத்தொன்பதாம் நகர்த்தலில், வெட்டுவதற்கு எளிதாய் அருகே நின்ற பகைக் காலாளையும் வெட்டாது கடந்து சென்றான். ஏன்? அக்காலாள் உயிருடன் நிற்கும்வரை அவனுக்கு அதுவே கேடயம். கறுப்பு யானை அவ்வழியே முற்றுகையிட இயலாது. பகைவனின் காலாளே அரசனுக்குக் காவலாயிற்று. அடுத்த நகர்த்தலில் வெள்ளை யானை எட்டாம் வரிசையை அடைந்தால் ஆட்டமே முடிந்துவிடும் என்ற நிலை உருவாயிற்று.

அதன்பின் கொடுத்தவை வட்டியுடன் திரும்பின. வெள்ளை நான்கு காலாட்களைக் கவர்ந்தது. இரண்டு காலாட்கள் முன்னேறின. ஐம்பத்திரண்டாம் நகர்த்தலைக் கண்டு டார்ட்டகோவர் தோல்வியை ஏற்றார்.

இவ்வெற்றியால் காபபிளாங்கா முதலிடம் பெற்றார் எனக் கருதுதல் பிழையாகும். ஐம்பத்தைந்து வயதான லாஸ்கரே இருபது ஆட்டங்களில் 16 புள்ளிகளுடன் முதல்வரானார், காபபிளாங்கா 14.5 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றார். மூன்றாமிடத்தில் 12 புள்ளிகளுடன் நின்ற அலேகின், 1927இல் அவரிடமிருந்து உலக வாகையர் பட்டத்தையே பறித்தார். ஆயினும், அன்றைய முதற்பரிசை நினைவுகூராதோரும் இந்த யானை இறுதியாட்டத்தை இன்றும் பாடமாகப் பயில்கின்றனர்.

தோல்வியுற்றவன் மறுநாள் இருப்பதைப் பற்றிக்கொள்வது இயல்பு. மேலும் இழக்க அஞ்சும் உள்ளம் ஒவ்வொரு காலாளையும் எண்ணிக் காக்கும். முந்தைய நாள் தோற்ற காபபிளாங்கா அவ்வாறு எண்ணவில்லை. எது பொருள், எது வழி என்று பிரித்தறிந்தார். பொருளைக் கொடுத்து வழியைப் பெற்றார். பலகையில் ஐம்பத்திரண்டு நகர்த்தல்களாகப் பதிவான இத்தெளிவே, எட்டாண்டுகள் தோல்வியறியாப் பெருமையினும் நிலைத்த பெருமை எனலாம்.