குறையும் தடையும்: இந்தியாவில் ஊனம் பற்றிய வரையறைகளின் வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் 1872 முதல் 1931 வரை எடுக்கப்பெற்ற குடிக்கணக்குகளில் உடற்குறை உடையோரைப் பற்றிய வினாவும் இடம்பெற்று வந்தது. மனநலம் பிறழ்ந்தோர், செவிட்டூமையர், பார்வையற்றோர், தொழுநோயாளர் என்னும் நான்கு பிரிவினரே இதன்கண் கொள்ளப்பெற்றனர். இரு கண்ணும் இழந்தோரை மட்டுமே எழுதுதல் வேண்டும், பிறந்த பின்னர்ச் செவிப்புலன் இழந்தோரை விடுத்தல் வேண்டும், வெண்குட்டம் தொழுநோய் ஆகாது என்றெல்லாம் கணக்கெடுப்போர்க்கு அறிவுரைகள் வழங்கப்பெற்றன. கை கால் இழந்தோர்க்குப் பட்டியலில் இடமே இல்லை. பிரிவுகளின் பெயர்கள் மருத்துவ நூல்களிலிருந்து வந்தவை. அவற்றைக் கண்டு எழுதியோரோ கிராமக் கணக்கரும் பள்ளி ஆசிரியருமாவர். இவ்வினா 1941 இல் கைவிடப்பெற்றது.

ஊனத்தைத் தனி ஒருவரின் உடலில் அல்லது மனத்தில் உள்ள குறையாகக் கொண்டு, அதனைக் கண்டறிதல், அளத்தல், இயலுமாயின் குணப்படுத்தல் ஆகியவற்றையே தீர்வாகக் கருதுவது மருத்துவ நோக்கு எனப்படும். அக்குறை உடையோர் எதிர்கொள்ளும் படிக்கட்டு, பாடநூல், சட்டம், மனப்பான்மை ஆகிய தடைகளே ஊனத்தைத் தோற்றுவிக்கின்றன என்பது சமூக நோக்கு. இவ்விரண்டும் எக்காலத்தும் தனித்தனியே இயங்கின என்று கொள்வதற்கில்லை. 1898 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் இதற்கு நல்ல சான்று. அச்சட்டம் நோயுற்றோர் அனைவரையும் ஒருங்கே அடைத்து வைக்கவில்லை. பொது இடத்தில் இரந்துண்ணும், அல்லது பிழைப்புக்கு வழியில்லாத, 'வறிய தொழுநோயாளரே' பிடித்து அடைக்கப்படுவதற்கு உரியவராயினர். நோயைச் சான்றளித்தவர் மருத்துவர். அடைக்கப்பட வேண்டியவர் யார் என்பதை முடிவு செய்தது வறுமை. மருத்துவத்தின் பெயரால் சமூகம் தன் வேலையை முடித்துக்கொண்டது எனலாம். இச்சட்டம் 2016 இல்தான் நீக்கப்பெற்றது. தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த விதிகள் 2019 வரை நிலைத்திருந்தன. அந்நோயைக் கூட்டு மருந்தினால் முற்றிலும் குணப்படுத்த இயலும் என்பது அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே உறுதிப்பட்டிருந்தது.

சமூக நோக்கு ஒரு கோட்பாடாக உருப்பெற்றது பிரிட்டனிலாகும். ஹாம்ப்ஷயரில் உள்ள லே கோர்ட் என்னும் இல்லத்தில் தசைநலிவு நோயுடன் வாழ்ந்த பால் ஹன்ட் (1937-1979), அங்கு உறைந்தோர் தம் அன்றாட வாழ்வைத் தாமே முடிவு செய்துகொள்ளும் உரிமைக்காகப் போராடியவர். அவ்வில்லத்தாரின் அழைப்பின்பேரில் வந்து ஆராய்ந்த ஆய்வாளர் இருவர், 1972 இல் வெளியிட்ட நூலில் நிருவாகத்தின் பார்வையையே பெரிதும் எதிரொலித்தனர் என்பது ஹன்ட்டின் குற்றச்சாட்டு. அழைத்தவர்களையே ஆய்வுப்பொருளாக்கி விட்டனர் என அவர் கடுமையாக எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் 'கார்டியன்' நாளிதழில் வெளிவந்த அவருடைய மடலைத் தொடர்ந்து, ஊனமுற்றோரே நடத்திய சங்கம் ஒன்று தோன்றியது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி எதிர்ப்பிற்காகச் சிறை சென்று பிரிட்டனில் குடியேறிய விக் ஃபிங்கல்ஸ்டைன் அதன் முன்னோடிகளுள் ஒருவர். 1976 இல் அச்சங்கம் வெளியிட்ட கொள்கை ஆவணம் இரு சொற்களைப் பிரித்து நிறுத்தியது. உடலில் உள்ளது குறை. அக்குறையின் மேல் சமூகம் ஏற்றுவது ஊனம்.

இதற்குச் 'சமூக மாதிரி' என்னும் பெயரை 1983 இல் வழங்கியவர் மைக் ஆலிவர். 1980களில் பிரிட்டிஷ் அரசு நடத்திய ஆய்வின் வினாக்களை அவர் தலைகீழாக்கிக் காட்டிய முறை குறிப்பிடத்தக்கது. பொருள்களைப் பிடிக்கவும் திருகவும் முடியாமைக்கு உம்மிடம் உள்ள கோளாறு யாது என்று அரசு வினவியது. புட்டியும் டப்பாவும் செய்யப்பட்ட முறையில் உள்ள எக்கோளாறு உமக்குத் தொல்லை தருகிறது என்று ஆலிவர் அதனை மாற்றி எழுதினார். வினா மாறியதும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரும் மாறிவிடுகிறார். எனினும் வலியையும் சோர்வையும் எச்சாய்தளமும் போக்கிவிடாது. உடலின் அனுபவத்தை இம்மாதிரி மறந்துவிட்டது என 1990களில் லிஸ் குரோ முதலிய ஊனமுற்ற பெண் எழுத்தாளர்களே சுட்டிக்காட்டினர். இத்திறனாய்வு புறக்கணிக்கத்தக்கதன்று.

இந்தியாவில் இவ்விவாதம் எண்ணிக்கையின் வாயிலாகவே வந்து சேர்ந்தது. 1981 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் முழுமையாகப் பார்வையற்றோர், முழுமையாக முடமானோர், முழுமையாகப் பேச இயலாதோர் மட்டும் கணக்கெடுக்கப்பெற்றனர். தொகை சற்றேறக்குறைய 11 இலட்சம். அதே ஆண்டில் தேசிய மாதிரி ஆய்வு கண்ட தொகையோ ஏறத்தாழ 1.2 கோடி. ஓராண்டில் ஒரே நாட்டில் பத்து மடங்கு வேறுபாடு! மக்கள் மாறவில்லை, வரையறை மாறியது. 1991 இல் வினா மீண்டும் விடுபட்டது. 2001 இலும் விடுபட இருந்த நிலையில் ஜாவேத் ஆபிதி முதலிய இயக்கத்தினர் போராடி அதனைச் சேர்ப்பித்தனர். அவ்வாண்டு 2.19 கோடியாகவும் 2011 இல் 2.68 கோடியாகவும் தொகை பதிவாயிற்று. எண்ணப்படாதார்க்கு நிதி ஒதுக்கீட்டில் இடமிராது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

1995 ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் சமவாய்ப்பு, உரிமைப் பாதுகாப்பு, முழுப் பங்கேற்பு எனச் சமூக நோக்கின் மொழியைத் தன் பெயரிலேயே தாங்கியது. ஆயினும் உள்ளே நுழைவதற்கு மருத்துவ அதிகாரி சான்றளித்த 40 விழுக்காடு தேவைப்பட்டது. ஏழு வகைகள் பட்டியலிடப்பெற்றன. வேலை ஒதுக்கீடாகிய 3 விழுக்காடோ பார்வை, செவி, இயக்கம் ஆகிய மூன்று குறைகளுக்கே பகிர்ந்தளிக்கப்பெற்றது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007 இல் ஏற்புறுதி செய்தபின் பழைய சட்டம் போதாதென்பது தெளிவாயிற்று. 2016 ஆம் ஆண்டின் சட்டம், நீண்டகாலக் குறை தடைகளோடு எதிர்ப்பட்டுச் சமூகப் பங்கேற்பைத் தடுக்கும் நிலையே ஊனம் என வரையறுத்தது. வகைகள் 21 ஆயின. அமில வீச்சிற்கு ஆளானோரும் அவற்றுள் அடங்குவர். ஒதுக்கீடு 4 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் ஒதுக்கீட்டிற்குரியோரைப் பிரித்தறிய அதே 40 விழுக்காடு மீண்டும் வந்து நின்றது. ஒரு சட்டத்துள் இரு நோக்குகளும் அடுத்தடுத்த பிரிவுகளில் குடியிருக்கின்றன.

இம்முரண் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. எழுதுங்கால் கை இழுத்துக்கொள்ளும் குறையுடைய ஒருவர் குடிமைப்பணித் தேர்வில் தமக்காக எழுதுவோரை வேண்ட, அவர் விதிகள் கூறும் வரம்பிற்குள் வரவில்லை என மறுக்கப்பெற்றது. உதவி பெறுவதற்கு 40 விழுக்காடு முன்நிபந்தனையன்று என உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கை எவ்வளவு பழுதுற்றது என்பதை விடுத்து, அக்கையோடு தேர்வெழுத முடியுமா என்பதே அங்கு வினாவாயிற்று.

சொற்களின் போக்கோ வேறு திசையில் சென்றுள்ளது. தமிழகத்தில் 'ஊனமுற்றோர்' என்பதன் இடத்தில் 'மாற்றுத்திறனாளி' என்பது அரசு வழக்காயிற்று. இந்தியில் 2015 முதல் 'திவ்யாங்' என்னும் சொல் முன்வைக்கப்பெற்றது. முன்னையது மதிப்புணர்வோடு எழுந்த ஆக்கம். பின்னையதை ஊனமுற்றோர் இயக்கங்கள் பலவும் ஏற்கவில்லை. தெய்வத்தன்மை வேண்டா, சாய்தளம் வேண்டும் என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். இவ்விரு சொற்களும் ஒருவரின் உடலையும் திறனையும் பற்றியே பேசுகின்றன. தடையைச் சுட்டும் சொல் இரண்டிலும் இல்லை.