குளக்கட்டில் யாருக்கு எவ்வளவு இடம்?

நடக்கிறவருக்கு ஒரு பாதை, சைக்கிள்காரருக்கு ஒரு பாதை என்று பிரிக்கச் சொல்வது புதுக் கதையல்ல. உலகம் இதில் 130 வருடத்துக்கு மேலாக இழுபறிப்படுகிறது.

முன்பு குதிரை வண்டியோ மாட்டு வண்டியோ வந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்கும். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்த பிறகு, சைக்கிள் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அதே வருடம் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. சைக்கிளும் ஒரு வண்டிதான், நடக்கிறவரைக் கடக்கும்போது மணி அடிக்க வேண்டும் அல்லது விசில் ஊத வேண்டும் என்றது. வண்டி என்று ஆனதால் நடைபாதையிலும் அதற்கு இடமில்லாமல் போனது.

நியூயோர்க்கில் 1858இல் சென்ட்ரல் பூங்காவுக்குத் திட்டம் போட்ட ஓம்ஸ்டெட்டும் வோக்ஸும் நடப்பவர், குதிரையில் போகிறவர், வண்டி எல்லாவற்றையும் பாலம் கட்டியே பிரித்தார்கள். காணியும் காசும் இருந்தது, செய்தார்கள். அதே இருவர் திட்டமிட்ட ஓஷன் பார்க்வே என்ற, கடற்கரைக்குப் போகும் சாலையில் 1894இல் சைக்கிள் பாதை வந்தபோது நடந்தது வேறு. மரநிழலில் நடக்க விட்டிருந்த பகுதியைத்தான் இரண்டாக்கினார்கள். இரண்டு வருடத்தில் அதுவும் போதாமல், மறுபக்கத்தில் இன்னொன்று போட்டார்கள். சைக்கிளுக்கு இடம் கொடுத்தவர் நடக்கிறவர். (இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் ஓங்கி அடிப்பான்தானே!)

சிங்கப்பூர் வேறு விதமாக யோசித்தது. அங்கே நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீற்றர்தான். மின்சார ஸ்கூட்டர்களை 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆபத்து வேகத்தில் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள்.

இனி நம்மூருக்கு வருவோம். 2022இல் பெற்றோல் இல்லாமல் தவித்தபோது மூலையில் கிடந்த சைக்கிள்களை நாமெல்லாம் தூசு தட்டி எடுத்தோம். அது நல்லது, இன்னும் ஓட வேண்டும். ஆனால் குளக்கட்டை நடுவில் கோடு கீறிப் பிரித்தால், சீனி வருத்தத்துக்காக நடக்கும் உம்மாமாருக்கு மிஞ்சுவது ஒரு ஆள் அகலம். பக்கத்தில் பேசிக்கொண்டு நடக்கத் துணைக்குக்கூட இடமிராது. அவர்கள் பயப்படுவதும் சைக்கிளுக்கல்ல, மோட்டார் சைக்கிளுக்கு.

கோடு வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். சுபஹிலிருந்து காலை 7 மணி வரை மோட்டார் சைக்கிள்கள் வீதியால் போகட்டும். வட்டைக்கு அவசரமாகப் போகிறவர் அந்த நேரம் கட்டில் ஏறினால் மெதுவாக உருட்டட்டும். சைக்கிள்காரர் மணியைப் பூட்டட்டும். பிள்ளைகளின் சைக்கிளில் முதலில் கழன்று விழுவதே அதுதான். இந்தக் கிழமை பார்த்துப் பூட்டிக் கொடுங்கள்.