சேலத்துக் 'காடு': தமிழ்த் திரையில் இயற்கையின் சீற்றமும் மனிதப் பொறுப்பும்

முன்னுரை

இயற்கை மனிதனுக்கு எதிராகச் சீறியெழும் கதை, திகில் திரைப்படத்தின் தனிவகையாக உலகெங்கும் வளர்ந்துள்ளது. சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலம் – ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இலேயே இதனையொத்த படமொன்றைத் தயாரித்தது. அதில் சீற்றத்திற்குப் பொறுப்பு யார்மீது சுமத்தப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

'காடு' படத்தின் கதையமைப்பு

டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்க லிப்பர்ட் நிறுவனத்துடன் இணைந்து 'தி ஜங்கிள்' படத்தை உருவாக்கியது. வில்லியம் பெர்க் இயக்கிய இப்படத்தில் ராட் கேமரன், சீசர் ரொமீரோ, மேரி வின்ட்சர் ஆகியோருடன் எம். என். நம்பியாரும் நடித்தார். தமிழில் இது 'காடு' எனப் பெயர்பெற்றது.

யானைக்கூட்டங்கள் வெறிகொண்டு ஊர்களைத் தாக்குகின்றன. காரணம் தேடிக் காட்டுக்குள் செல்லும் குழு, மாமத் எனும் உரோமம் அடர்ந்த தொல்யானைகளே அவற்றை மிரட்டுவதாகக் கண்டறிகிறது. உண்மையான யானைகளுக்கு உரோமப் போர்வை அணிவித்தே இவ்விலங்குகள் திரையில் காட்டப்பட்டன. இக்கதையில் யானைகள் பழிவாங்கவில்லை, அஞ்சி ஓடுகின்றன. அச்சத்தின் மூலமும் மனிதச் செயலன்று. ஆகவே காட்டின் சீற்றத்திற்கு மனிதன் விடைகூற வேண்டிய நிலை எழவில்லை.

ஒப்பீடு

ஜப்பானில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'காட்சில்லா' (1954) படத்திலும் தொல்விலங்கே வருகிறது. ஆனால் அதனை எழுப்புவது ஹைட்ரஜன் குண்டுச் சோதனை. தமிழில் துரை இயக்கிய 'நீயா' (1979) படத்தில், துணையை இழந்த நாகம் அதற்குக் காரணமான நண்பர் குழுவினரைப் பழிவாங்குகிறது. இங்குக் குற்றம் மனிதனுடையதே. எனினும் அது ஒரு சிலரின் குற்றமாகச் சுருங்கிவிடுகிறது.

மலையின் வரலாறு

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியர் எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருகப்பெருக, மலையாளிப் பழங்குடியினர் வாழ்ந்த மலைநிலத்தின் இயல்பு மாறியது. 'காடு' உருவான காலத்தில் இம்மாற்றம் ஒரு நூற்றாண்டைக் கடந்திருந்தது. 1965இல் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி தொடங்கியபின், அதற்கான பாக்சைட்டும் சேர்வராயனில் வெட்டியெடுக்கப்பட்டது.

முடிவுரை

'காடு' பொறுப்பைத் தொல்விலங்கின்மீதும், 'நீயா' தனிமனிதர்மீதும் சுமத்தின. நிலத்தை மாற்றியமைத்த ஆட்சியும் வணிகமும் இரண்டிலும் குற்றவாளிகளாக நிறுத்தப்படவில்லை. எனவே இயற்கை யாரைப் பழிவாங்குகிறது என்று கேட்பதோடு, யாரை விட்டுவிடுகிறது என்றும் கேட்பது, தமிழ்த் திகில் படங்களைச் சூழலியல் நோக்கில் வாசிப்பதற்கு இன்றியமையாததாகும்.